உதிரி உறுப்புகளும் ஒரு கணிப்பொறியும்

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், சென்னையில் ரிச்சி தெரு. நம் நாட்டின் பெருநகரம் ஒவ்வொன்றிலும் இத்தகைய கடைத்தெரு ஒன்று உண்டு. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர், கோயிலும் சங்கமும் இருக்குமிடத்தை அறிந்துகொண்ட பின்னர், பிள்ளைகள் வளர வளர இக்கடைத்தெருவையும் அறிந்துகொள்கின்றனர். அங்கே காலையில் சென்று நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். தந்தை ஒருவர் கையில் மடித்த காகிதம் ஒன்றை வைத்திருப்பார். அருகில் அவருடைய மகனோ மகளோ நிற்பார். அக்காகிதத்தில் செயலி, தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி, பெட்டி, திரை என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை இருக்கும். சட்டைப்பையில் உள்ள பணத்திற்கும் காகிதத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகைக்கும் இடையே இருக்கும் தூரத்தை எப்படிக் குறைப்பது என்பதே அவருடைய கவலை.

நேயர்களே, அந்தக் காகிதத்தின் வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன். ஒரு பொறியை முழுமையாக விலைக்கு வாங்காமல், அதன் உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து, பணத்திற்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆயினும் இஃது எளிதில் வாய்த்த உரிமையன்று. அது கிடைத்த வழியை அறிந்தால், அந்தக் காகிதத்தை நிரப்புவதற்கும் ஓரளவு தெளிவு பிறக்கும்.

இந்தியாவிற்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி, இங்கிலாந்தில் செய்யப்பட்ட எச்.இ.சி. 2எம் என்பதாகும். 1955-56 ஆண்டுகளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் அது நிறுவப்பட்டது. அதே காலத்தில் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஒரு குழுவினர், கணிப்பொறியை நாமே ஆக்கிப் பார்ப்போம் என்று துணிந்தனர். அக்குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன். அவர் சென்னையிற் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் உயர்கல்வி முடித்துத் திரும்பியவர். மாதிரிப் பொறி ஒன்று 1956-இல் இயங்கியது. முழுப்பொறி 1960-இல் பணிக்கு வந்தது. 1962-இல் அதற்கு டிஃப்ராக் என்னும் பெயர் சூட்டப்பெற்றது.

டிஃப்ராக்கின் மையப்பகுதியில் 2,700 வெற்றிடக் குழல்களும், 1,700 ஜெர்மானியம் டையோடுகளும், 12,500 மின்தடைகளும் இருந்தன. அதன் நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. ஒரு சொல்லுக்கு 40 பிட்டுகள். இன்றைய அளவையிற் சொன்னால் 10 கிலோபைட். இன்று ஒரு மாணவன் வாங்கும் 8 ஜிகாபைட் நினைவகப் பட்டை, விரல் நீளமே உடையதாயினும், டிஃப்ராக்கின் நினைவகத்தைப் போல எட்டு இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. ஆனால் நாம் இங்கே கருத வேண்டுவது அளவை அன்று. டிஃப்ராக்கும் உதிரி உறுப்புகளைச் சேர்த்துச் செய்த பொறியே. எனினும் அதன் உறுப்புகளை வேறொரு பொறியிற் பொருத்த இயலாது. வேறொரு பொறியின் உறுப்பை இதிற் பொருத்தவும் இயலாது. ஒவ்வொரு பொறியும் தனக்கென ஓர் உலகமாய் இருந்த காலம் அது.

அக்காலத்தில் கணிப்பொறி என்பது நிறுவனங்களின் உடைமை. தனி மனிதர் அதற்கு விலை கேட்கவும் நினைக்கமாட்டார். 1963-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் பொறி வந்தபோது, அதைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்கு நிரல் எழுதக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் வி. இராஜாராமன். அவர் ஈரோட்டிற் பிறந்தவர். தில்லியில் மதராஸிக் கல்விச் சங்கத்தின் பள்ளியிற் படித்தவர். புலம்பெயர்ந்த தமிழர் தம் பிள்ளைகளுக்காகத் தலைநகரில் நடத்திய பள்ளியிலிருந்து அவர் சென்றார் என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். 1965-இல் கணிப்பொறி அறிவியலில் முதுநிலைப் படிப்பு அங்கே தொடங்கப்பெற்றது. அறிவு பரவிற்று, ஆனால் பொறி பரவவில்லை. பொறி ஒன்றே இருந்தது. அதன்முன் வரிசை நீண்டிருந்தது.

1978-இல் ஐ.பி.எம். நிறுவனம், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி தன் பங்கைக் குறைத்துக்கொள்ள இசையாமல், இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த இடத்தை நிரப்ப எழுந்த இந்திய நிறுவனங்களுள் ஒன்று, 1976-இல் தில்லியில் சில நண்பர்கள் கூடித் தொடங்கிய எச்.சி.எல். அதன் முன்னணியில் நின்ற சிவ நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிற் பிறந்து, கோயம்புத்தூரிற் பொறியியல் பயின்று, வேலை தேடி வடக்கே வந்தவர். நுண்செயலியைக் கொண்டு உள்நாட்டிலேயே சிறு கணிப்பொறிகளை ஆக்கலாம் என்பதை அந்நிறுவனமும் அதன் காலத்தவரும் செய்து காட்டினர். எனினும் உறுப்புகளின்மீது விதிக்கப்பட்ட சுங்கவரி கடுமையாயிருந்தது, உரிமங்கள் குறைவாயிருந்தன, நடுத்தரக் குடும்பத்திற்கு விலை எட்டவில்லை.

இனிக் கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததைக் காண்போம். 1975 ஜனவரியில் அமெரிக்காவின் மின்னணு இதழ் ஒன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் பெட்டியின் படம் வெளிவந்தது. அது முழுப்பொறியாக மட்டுமன்றி உதிரிகளாகவும் விற்கப்பட்டது. வாங்கியவர் தாமே பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் வானொலிப் பெட்டியை உறுப்பு உறுப்பாய் வாங்கிச் சேர்த்த ஆர்வலர்கள் எத்தனை பேர்! ரிச்சி தெருவும் லாமிங்டன் சாலையும் முதலில் அவர்களுக்காகவே கடை விரித்தவை. ஆல்டேரின் வாடிக்கையாளரும் அத்தகையோரே. அப்பெட்டியின் நினைவகம் 256 பைட் மட்டுமே. ஆயினும் அதனுள்ளே பொதுவான இணைப்புப் பாதை ஒன்றும், அப்பாதையிற் புதிய அட்டைகளைச் செருகுவதற்கான துளைவரிசைகளும் இருந்தன. பிறர் செய்த அட்டையையும் அங்கே செருகலாம். உதிரி உறுப்பு என்ற சொல்லுக்கு உயிர் வந்தது அந்தத் துளைவரிசையில்தான்.

1981 ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டது. அதை ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டியிருந்தமையால், புளோரிடா மாநிலத்தில் இருந்த அதன் சிறு குழுவினர் எல்லாவற்றையும் தாமே வடிவமைக்க முனையவில்லை. செயலியை இன்டெல் நிறுவனத்திடமிருந்தும், இயக்க முறைமையை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமிருந்தும் பெற்றனர். ஏனையவற்றிற் பெரும்பகுதியைச் சந்தையில் வாங்கினர். அட்டை செருக 5 துளைவரிசைகள் வைத்தனர். பிறர் அட்டைகள் செய்து விற்றால் தம் பொறியே மிகுதியாக விலைபோகும் என்று கருதி, சுற்றமைப்பு வரைபடங்களையும், பொறி விழித்தெழும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்னும் நிரலின் முழு வரிகளையும் கையேட்டில் அச்சிட்டு வெளியிட்டனர்.

இவ்வளவையும் வெளியிட்ட பின்னர் ஐ.பி.எம். கையில் எஞ்சிய காவல் ஒன்றே. அந்த பயாஸ் நிரலுக்குப் பதிப்புரிமை இருந்தது. அதைப் படியெடுத்தல் குற்றமாகும். காம்பாக் என்னும் புதிய நிறுவனம் இதற்கொரு வழி கண்டது. ஒரு குழுவினர் மூல நிரலை ஆராய்ந்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதி வைத்தனர். மூல நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர், அக்குறிப்பை மட்டும் கொண்டு புதிதாக ஒரு நிரலை எழுதினர். ஒரு நூலைப் படித்தவர் கருத்தைச் சொல்ல, படியாதவர் தம் சொற்களால் வேறொரு நூல் எழுதுவது போன்றது இது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, சொல் ஒருவருக்கு உடைமையாகலாம், செயல் எவருக்கும் உடைமையாகாது என்னும் இந்த நுட்பம் வியப்பளிக்கிறது. 1982-இன் இறுதியில் காம்பாக்கின் பொறி அறிவிக்கப்பட்டது. 1984-இல் ஃபீனிக்ஸ் என்னும் நிறுவனம் இதே முறையில் எழுதிய பயாஸை, விரும்பிய எவருக்கும் விற்கத் தொடங்கிற்று. அன்றுமுதல் இக்கணிப்பொறி எந்த ஒரு நிறுவனத்தின் பொறியாகவும் இல்லை.

இதன் பயனைத் தைவான் நாடு நன்கு பற்றிக்கொண்டது. கிகாபைட், எம்.எஸ்.ஐ. ஆகிய நிறுவனங்கள் 1986-இலும், ஆசுஸ் 1989-இலும் தோன்றின. அவை தாய்ப்பலகைகளை ஆக்கி உலகெங்கும் அனுப்பின. இந்தியாவிலோ 1984 நவம்பரில் இராஜீவ் காந்தி அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்தது. உற்பத்திக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தன, வரிகள் குறைந்தன. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தம் இறக்குமதியை மேலும் எளிதாக்கிற்று. 1997-இல் தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் பற்றிய பன்னாட்டு உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது. 2005-க்குள் அப்பொருள்களின் சுங்கவரி படிப்படியாக நீக்கப்பட்டது. இம்மூன்று படிகளும் சேர்ந்தே நேரு பிளேஸின் நடைமேடைகளில் உறுப்புக் கடைகளை நிரப்பின. பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டிக்கும், கடைக்காரர் கண்முன்னே சேர்த்துத் தரும் பெட்டிக்கும் உள்ள விலை வேறுபாடே, பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கணிப்பொறியைத் தந்தது.

காகிதத்தில் அன்று இருந்து இன்று இல்லாத ஓர் உறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் மட்டும் அறிந்த பொறியில் தமிழை எழுதுவது எவ்வாறு? 1980-களின் தொடக்கத்தில் கான்பூரில் இதற்கான ஆராய்ச்சி நடந்தது. 1988-இல் புனேயில் தோன்றிய சி-டாக் நிறுவனம் அதனை வளர்த்து, ஜிஸ்ட் அட்டை என்னும் உறுப்பாக வெளியிட்டது. அதைத் துளைவரிசையிற் செருகினால் தமிழும் இந்தியும் வங்காளமும் திரையில் தோன்றும். 1991-இல் இந்திய எழுத்துகளுக்கான குறியீட்டுத் தரம் ஏற்கப்பட்டது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. 2000-இல் வந்த விண்டோஸ் இயக்க முறைமை, யூனிகோடு முறையில் தமிழைத் தானே காட்டியது. அட்டைக்கு இனித் தேவை இல்லாது போயிற்று. திறந்த துளைவரிசை ஒன்று இருந்தமையாலேயே, பன்னாட்டு நிறுவனங்கள் நம் மொழியை எண்ணிப் பாராத காலத்திலும், நாம் நம் மொழியைச் செருகிக்கொள்ள முடிந்தது.

இப்பட்டியலை நான் முதன்முதல் எழுதியது 2006-இல். கையில் இருந்தது 20,000 ரூபாய். அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான மதுரைக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு சென்றேன். செயலியையும் நினைவகத்தையும் நான் உயர்வாகத் தேர்ந்தேன். அதனால் ஏறிய தொகையைச் சரிக்கட்ட, மின்வழங்கிக்கெனத் தனியே ஒதுக்கியிருந்த சில நூறு ரூபாயை அடித்துவிட்டு, பெட்டியோடு இலவசமாக வந்ததையே வைத்துக்கொண்டேன். “தம்பி, வீட்டுக்கு அடித்தளத்தில் சிக்கனம் பார்த்துவிட்டு மாடியில் பளிங்கு போடுகிறீர்கள்” என்றார் அவர். நான் கேட்கவில்லை.

மறு ஆண்டு மே மாதம், மின்சாரம் போய் வந்த ஓர் இரவில், பெட்டியிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. மின்வழங்கி தானும் எரிந்து, தாய்ப்பலகையையும் நினைவகத்தையும் உடன்கொண்டு சென்றது. வன்தட்டில் நான் மூன்று வாரமாக மொழிபெயர்த்த அறிக்கை இருந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது அது. மறுநாள் ஞாயிறு. வன்தட்டைக் கழற்றித் துண்டிற் சுற்றிக்கொண்டு, பேருந்தேறி இராமகிருஷ்ணபுரத்தில் இருந்த அந்த அண்ணாவின் வீட்டிற்குச் சென்றேன். அவர் தம் பெட்டியைத் திறந்து, கம்பியை இணைத்து, பொத்தானை அழுத்தினார். என் கோப்பு அவர் திரையில் திறந்தது. அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணியார் காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் கற்ற பாடங்கள் இரண்டு. உறுப்பைத் தேர்வதில் நான் பிழை செய்தேன் என்பது ஒன்று. உறுப்புகள் பிரியக்கூடியனவாய் இருந்தமையால் அப்பிழை என் உழைப்பை முழுதும் விழுங்கவில்லை என்பது மற்றொன்று.

பட்டியலின் தொகைகள் எங்கே தீர்மானிக்கப்படுகின்றன என்பதும் வரலாற்றிற்கு உரியதே. 1993 ஜூலையில் ஜப்பானில் நீஹாமா என்னும் ஊரில் ஒரு பிசின் ஆலை தீப்பற்றியபோது உலகெங்கும் நினைவகத்தின் விலை ஏறியது. 1999 செப்டம்பரில் தைவானில் நிகழ்ந்த நிலநடுக்கமும் அதையே செய்தது. 2011-இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் ஆலைகளை மூழ்கடிக்க, வன்தட்டு விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2025-இன் இறுதியில், செயற்கை அறிவுக்கான பெருங்கணிப்பு நிலையங்கள் நினைவகத்தை வாரிக்கொள்ள, மீண்டும் விலை உயர்ந்தது. கடைக்காரர் நேற்றைய விலை இன்றில்லை என்று சொல்லும்போது அவர் எப்போதும் ஏமாற்றுகின்றார் என்பதில்லை. இத்தகைய வேளையில் உறுப்பு வாங்குவோருக்கு ஒரு வசதி உண்டு: நினைவகத்தில் ஒரு பட்டையை மட்டும் இன்று பொருத்தி, மற்றொரு துளையை வெறுமையாக விட்டுவைக்கலாம், விலை தணியும்போது நிரப்பிக்கொள்ளலாம்.

இவ்வரலாற்றிலிருந்து, அளந்த பணத்தோடு கடைத்தெருவிற்குச் செல்வோர் கொள்ளத்தக்க முறை யாது? முதலில், பொறி எதற்கு என்பதை எழுதுக. உறுப்பின் பெயர் பின்னரே வர வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நிரல் பயில்வதற்கும் தனியான வரைகலை அட்டை வேண்டுவதில்லை; செயலியின் உள்ளேயே அவ்வாற்றல் அமைந்த வகைகள் உள்ளன. இரண்டாவதாக, எளிதில் மாற்ற இயலாதவற்றில் சிக்கனம் வேண்டாம். தாய்ப்பலகையும் மின்வழங்கியும் அத்தகையன. செயலியையும் நினைவகத்தையும் பின்னர் உயர்த்தலாம். தாய்ப்பலகையை மாற்றினால் பெரும்பாலும் யாவும் மாறும். 1981-இன் ஐ.பி.எம். பொறிக்கு 63.5 வாட் மின்வழங்கி போதியதாயிருந்தது. இன்று உறுப்புகள் உண்ணும் வாட்டுகளைக் கூட்டி, அதற்குமேல் போதிய இடைவெளி விட்டு, தரச்சான்று பெற்ற ஒன்றையே தேர்க. மூன்றாவதாக, சுழலும் வன்தட்டிற்கு மாறாகத் திடநிலைத் தட்டு ஒன்று சிறிதாயினும் இருத்தல் நன்று. பழைய பொறியும் அதனாற் சுறுசுறுப்பு அடையும்.

நான்காவதாக, மென்பொருளையும் பட்டியலிற் சேர்க்க. நம் கடைத்தெருக்களில் நெடுங்காலம் அதற்கு விலை போடாமல், உரிமம் அற்ற படியை ஏற்றித் தரும் வழக்கம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அதற்கு நேர்மையான மாற்று உண்டு. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், விலையின்றிக் கிடைப்பது. தமிழும் அதில் நன்கு இயங்குகிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, அதனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயக்க முறைமையை இந்திய மொழிகளுக்காக ஆக்கியிருக்கின்றது.

சேர்க்கும் வேலையும் இப்போது எளிது. பழைய தாய்ப்பலகைகளில் மின்வழங்கியிலிருந்து வரும் இரு செருகிகளையும் அருகருகே பொருத்த வேண்டும். கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று தொட்டாற்போல் அமைய வேண்டும். இடம் மாறிச் செருகினால் பலகை எரியும். 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அமைப்பு, தவறாகப் பொருத்த இயலாத ஒரே செருகியைத் தந்தது. அன்று கடைக்காரர் மட்டுமே செய்த பணியை, இன்று 15 வயதுப் பெண் தன் வீட்டு மேசையின்மீது செய்கின்றாள்.

ஆனால் காலம் மற்றொரு திசையிலும் செல்கின்றது. மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு வருகின்றது. தட்டும் அவ்வாறே ஆகிவருகின்றது. மெலிந்த அழகிற்காக நாம் தரும் விலை, திறந்து பார்க்கும் உரிமை. அத்தகைய பொறி எரிந்தால், துண்டிற் சுற்றி எடுத்துச் செல்ல ஒன்றும் எஞ்சாது. 2022-இல் நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான வலைவாசலையும் திறந்தது. பொருளை வாங்கியவனுக்கு அதன் உள்ளுறுப்புகளின்மீது உரிமை உண்டா என்பது, 1981-இல் கையேடு அச்சிட்டபோது எழாத கேள்வி, இன்று எழுந்திருக்கின்றது.

ஊர் விட்டு வந்தோர்க்கு உதிரி உறுப்புகளின் அருமை சொல்லாமலே விளங்கும். வாடகை வீட்டில், மாற்றல் ஆணையை எதிர்நோக்கி, ஆண்டுக்கு ஒரு பொருளாகச் சேர்த்துக் குடும்பம் அமைத்தவர்கள் நாம். சென்ற மாதம் என் மகள் தனக்கு வேண்டிய பொறிக்குப் பட்டியல் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். அதில் முதல் வரியில் மின்வழங்கி இருந்தது. நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.